16 ஆம்பியர் பிளக் போதுமா, வால் பாக்ஸ் போட்டே ஆகணுமா?

புதுவண்டி: எலெக்ட்ரிக் கார் வாங்கியிருக்கேன். 45 யூனிட் பேட்டரி, ஒரு நாளைக்கு 60 கி.மீ. ஓட்டம். வண்டியோட வந்த போர்ட்டபிள் சார்ஜரை வீட்டு 16 ஆம்பியர் பிளக்கிலேயே போடலாமா, 7.4 கிலோவாட் வால் பாக்ஸ் (சுவத்துல நிரந்தரமா மாட்டற சார்ஜர்) மாட்டணுமா?

வோல்ட்வேலன்: பிளக் போதும். 60 கி.மீ.க்கு 9 யூனிட் ஆகும்னு வைங்க. 230 வோல்ட், 10 ஆம்பியர்னா 2.3 கிலோவாட். இழப்பு போக மணிக்கு 2 யூனிட் ஏறும். அஞ்சு மணி நேரத்துல வேலை முடிஞ்சுது. பாக்ஸ் தண்டச் செலவு.

கம்பியாள்: கணக்கு சரி, பிளக் சரியில்ல. அந்த பாயிண்ட் கெய்சருக்குப் போட்டது. கெய்சர் கொஞ்ச நேரத்துல தானா கட் ஆகிடும். கார் அஞ்சு மணி நேரம் விடாம இழுக்கும். உள்ளே ஸ்க்ரூ தளர்ந்து 0.1 ஓம் தடை வந்தாலே 16 ஆம்பியர்ல 25.6 வாட் சூடு. ஒரு சால்டரிங் அயர்னை சாக்கெட்டுக்குள்ள ராத்திரி பூரா வச்ச மாதிரி. கரண்ட் அளவு தாண்டாததால எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினா தானா விழற சுவிட்ச்) விழவே விழாது.

வோல்ட்வேலன்: அதே 0.1 ஓம் உங்க பாக்ஸ் டெர்மினல்ல வந்தா? 32 ஆம்பியர்ல 102 வாட்! பிளக்ல 10 ஆம்பியர்னு செட் பண்ணினா வெறும் 10 வாட்தான். எது ஆபத்து?

கம்பியாள்: நியாயமான கேள்வி. ஆனா பாக்ஸ்ல ஒயரை ஒரு தடவை முறுக்கிட்டா அப்படியே நிக்கும். பிளக்கைத் தினமும் பிடுங்கிச் சொருகினா உள்ளே இருக்கற ஸ்பிரிங் பிடி தளரும், அங்கதான் கருகும். அதோட மெதுவா ஏத்தினா விரயமும் ஜாஸ்தி. சார்ஜ் ஏறும்போது வண்டியோட கம்ப்யூட்டர், பம்ப் எல்லாம் 250 வாட் எடுத்தா 2.3 கிலோவாட்ல அது 11 சதவீதம், 7.4ல 3 சதவீதம் சொச்சம்தான்.

வோல்ட்வேலன்: வண்டிக்குள்ள இருக்கற, ஏ.சி. கரண்டை பேட்டரிக்கு டி.சி.யா மாத்தற ஆன்போர்டு சார்ஜர் 3.3 கிலோவாட்னா, 7.4 பாக்ஸ் மாட்டினாலும் 3.3தான் ஏறும். வாங்கறதுக்கு முன்னாடி அதைப் பாருங்க, பாதிப் பேர் பாக்கறதில்ல.

புதுவண்டி: பாக்ஸ்னா லைன் எப்படி இழுக்கணும்? இன்னொண்ணு, பிளக்ல போட்டா சார்ஜர்ல சிவப்பு விளக்கு எரியுது. நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துட்டா சரியாயிடும்னு ஒருத்தர் சொன்னார்.

கம்பியாள்: சேர்க்கவே சேர்க்காதீங்க! எங்கேயாவது நியூட்ரல் அறுந்தா வண்டி பாடி முழுக்க 230 வோல்ட் நிக்கும், கதவைத் தொட்டவங்க கதி அவ்வளவுதான். அந்தச் சிவப்பு அநேகமா எர்த் இல்லைங்கறதைச் சொல்லுது. எர்த் குழியைச் சரி பண்ணுங்க. இன்வெர்ட்டர்ல ஓடும்போது மட்டும் எரிஞ்சா அது வேற சங்கதி, அங்க நியூட்ரல் எர்த்தோட சேராம மிதக்குது.

லைன்: மெயின் போர்டுலேர்ந்து தனியா 6 சதுர மி.மீ. காப்பர், 40 ஆம்பியர் எம்.சி.பி., 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா லைனைத் துண்டிக்கற சுவிட்ச்). அதுல டைப் ஏ.சி.ங்கற ரகம் ஆகாது. கார்லேர்ந்து டி.சி. கசிஞ்சா அது மரத்துப் போயிடும், நிஜ ஷாக்குக்கும் விழாது. பாக்ஸ்லயே 6 மில்லியாம்பியர் டி.சி. கசிவைக் கண்டுபிடிக்கற வசதி இருந்தா டைப் ஏ போதும், இல்லேன்னா டைப் பி.

வோல்ட்வேலன்: எர்த் விஷயத்துல கம்பியாள் சொல்றதுக்கு மேல ஒரு வார்த்தை கிடையாது. ஆனா பிளக்குக்கும் தனி லைன், 4 சதுர மி.மீ., 20 ஆம்பியர் எம்.சி.பி. போட்டா என்ன குறை? எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மட்டும் வேணாம், சுருட்டி வச்ச ஒயர் உருகிடும்.

கம்பியாள்: தனி லைன், நல்ல சாக்கெட், 10 ஆம்பியர், பிளக்கை அடிக்கடி பிடுங்காம இருக்கறது. இந்த நாலும் இருந்தா எனக்கு ஆட்சேபணை இல்ல. சார்ஜர் பிளக்கை வெட்டி வேற மாத்தாதீங்க. சிலதுல சூட்டைப் பாக்கற சென்சார் அதுக்குள்ளதான் இருக்கு.

புதுவண்டி: தினமும் 100 சதவீதம் ஏத்தலாமா?

வோல்ட்வேலன்: என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட்) பேட்டரின்னா 80ல நிறுத்துங்க, தூரப் பயணத்துக்கு முன்னாடி மட்டும் 100. எல்.எஃப்.பி. (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரின்னா வாரத்துக்கு ஒரு தடவையாவது 100 தொடணும். அதுல வோல்டேஜ் நடுவுல ஏறாம இறங்காம கிடக்கும். முழுசா ஏத்தினாத்தான் மீட்டருக்கு மிச்சம் எவ்வளவுன்னு பிடிபடும்.

கம்பியாள்: முதல் நாள் ஒரு மணி நேரம் ஏறினதும் பிளக் மேல புறங்கையை வச்சுப் பாருங்க. வெதுவெதுன்னு இருந்தா சரி. கை வைக்க முடியலேன்னா எம்.சி.பி.யை இறக்கிட்டுத்தான் பிளக்கைத் தொடணும்.