எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் ஏன் இவ்வளவு சீக்கிரம் கலைந்தது?

கும்பகோணத்து ரசிகர்: பங்க் என்னும் முரட்டு ராக் இசை என்றால் கிதாரும் டிரம்ஸும்தான் என்று எண்ணியிருந்த எனக்கு, இந்த லண்டன் குழுவின் சாக்ஸபோன், சுவாமி புறப்பாட்டில் மல்லாரி கேட்டது போன்ற சிலிர்ப்பைத் தந்தது. இவர்களுடைய வரலாற்றை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மன்னார்குடிக்காரர்: 1976-இல் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவின் நிகழ்ச்சியொன்றைப் பார்த்த பாடகி பாலி ஸ்டைரீன், பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்துத் தொடங்கிய குழு இது. சோமாலியத் தந்தைக்கும் பிரிட்டிஷ் தாய்க்கும் பிறந்து, பல்லில் கம்பியோடு மேடையேறிய அவருடைய பாடல்களுக்கு உயிர், பிளாஸ்டிக் யுகத்தின் நுகர்வு மோகத்தைப் பற்றிய கேலிதான். 'ஓ பாண்டேஜ் அப் யுவர்ஸ்' என்ற முதல் பாட்டு 1977-இல் வந்தது. 'ஜெர்ம்ஃப்ரீ அடோலசென்ட்ஸ்' ஆல்பம் 1978-இல்.

திருவாரூர் வாசகி: அந்த முதல் பாட்டில் சாக்ஸபோன் வாசித்தவர் லோரா லாஜிக் என்ற பதின்வயதுப் பெண். ஆல்பம் வருவதற்கு முன்பே அவரை விலக்கிவிட்டு வேறொருவரை அமர்த்தினார்கள். அது அநியாயம் என்பதே என் கருத்து. ஓயாத பயணத்தாலும் மனநலப் பாதிப்பாலும் தளர்ந்த பாலி 1979-இல் விலகியதும் குழு கலைந்தது.

கும்பகோணத்து ரசிகர்: மிக்க நன்றி. லோரா அதன்பின் இசையை விட்டுவிட்டாரா?

திருவாரூர் வாசகி: இல்லை, எசென்ஷியல் லாஜிக் என்ற சொந்தக் குழுவைத் தொடங்கினார். அதையும் கேளுங்கள்.