பெரியவர்களுக்கான ஆட்டிசம் கேள்வித்தாள்: தமிழைச் சரிபார்க்க ஆள் வேண்டும்

எல்லாருக்கும் வணக்கம். பெரியவர்களுக்கு ஆட்டிசம் இருக்கலாமா என்று முதற்கட்டமாகப் பார்க்கும் ஏ.க்யூ-10 கேள்விகளைத் தமிழில் எழுதியிருக்கிறோம். விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பேச்சில் ஊறிய நாலைந்து பேர் வாசித்துப் பார்த்துச் சொல்ல முடியுமா?

'வரிகளுக்கிடையே வாசிப்பது எளிது' என்று அப்படியே எழுதினால் புத்தக வாசிப்பைக் கேட்பதாக நினைத்துவிடுவார்கள். சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்பவர்களிடம் கேட்கும் கேள்வி இது, அதனால் பிழை இன்னும் பெரிதாகும். 'ஒருவர் வெளிப்படையாகச் சொல்லாததையும் புரிந்துகொள்வேன்' என்று மாற்றினோம். இதன் முழு வடிவமான 50 கேள்வித் தாளில், பார்ட்டியைவிட நூலகத்துக்குப் போகவே விருப்பமா என்று கேட்கும் இடத்தில் வரும் 'பார்ட்டி'தான் இன்னும் இழுக்கிறது. கல்யாண வீடு என்று போட்டால், நம்மூரில் அது விருப்பமில்லை, கடமை, பதிலே மாறிவிடும். வேறு சொல் இருந்தால் தாருங்கள்.

ஏ.க்யூ-10இன் 10 கேள்விகளில் 4 கேள்விக்கு 'ஆம்' பக்கமும் 6 கேள்விக்கு 'இல்லை' பக்கமும் புள்ளி. எல்லா 'ஆம்'களையும் கூட்டினால் கணக்கு தப்பு. 6 அல்லது அதற்கு மேல் வந்தால் முழு மதிப்பீட்டுக்கு அனுப்பலாம், அவ்வளவே. ஆட்டிசம் என்று உறுதி செய்ததாகாது. சமூகப் பதற்றம் இருந்தாலும் எண் ஏறலாம். பல வருடம் மறைத்துப் பழகியவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, குறையலாம்.

ஆங்கில மூலத்தைப் பார்க்காத ஒருவர் தமிழிலிருந்து திரும்ப ஆங்கிலமாக்கித் தரவும் வேண்டும்.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பெரியவர்களையும் பார்க்கும், அம்மாவிடமோ மூத்த சகோதரங்களிடமோ சிறுவயது விவரம் கேட்டு எழுதும் மருத்துவ உளவியலாளரைத் தெரிந்தால் சொல்லுங்கள்.