சூடானபின் கிளம்ப மறுக்கும் பழைய மாருதி: காயிலா, கார்புரேட்டரா?

காட்பாடியான்:
என்னுடையது 1997ஆம் ஆண்டின் மாருதி 800, கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள வண்டி. காலையில் சாவியைத் திருப்பியவுடன் கிளம்பிவிடுகிறது. குடியாத்தம் வரை ஓட்டிச் சென்று, ஒரு தேநீர் குடிக்கும் நேரம் நிறுத்திவிட்டு மீண்டும் எடுத்தால், ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியும் என்ஜின் பிடிப்பதில்லை. நன்கு ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. பிளக்கில் பொறி உண்டாக்க உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலை மாற்றும்படி மெக்கானிக் சொல்கிறார். மாற்றலாமா?

ராணிப்பேட்டை வாசி:
தயங்காமல் மாற்றுங்கள். பழைய காயில் சூடேறும்போது உள்காப்பு பலவீனமான இடத்தில் மின்சாரம் கசிந்து, பிளக்கில் பொறி மங்கிவிடும். சூடான காயிலை மல்ட்டிமீட்டரில் அளந்தால் மின்தடை கூடியிருப்பதையே காணலாம்.

சத்துவாச்சாரி:
ஐயா, அந்த அளவை எதையும் நிரூபிக்காது. செம்புக் கம்பியின் மின்தடை 10 டிகிரிக்கு ஏறத்தாழ 4 சதவீதம் கூடும் என்பதால், சூடு 50 டிகிரி ஏறிய புதுக் காயிலும் 20 சதவீதம் கூடுதலாகத்தான் காட்டும். மேலும், கோளாறு காயிலில் இருந்தால், குடியாத்தம் சாலையில் ஓடும்போதே வண்டி திணறியிருக்க வேண்டும். இங்கே நிறுத்திய பிறகுதான் தொல்லை வருகிறது. என்ஜின் நின்றதும் குளிர்நீர் ஓட்டமும் நிற்க, என்ஜினின் சூடு கார்புரேட்டருக்கு ஏறி, அதன் கிண்ணத்திலுள்ள பெட்ரோல் கொதித்து, என்ஜினுக்குள் செல்லும் குழாயான மேனிஃபோல்டுக்குள் சொட்டுகிறது. கத்திரி வெயிலில், அதுவும் நம் வேலூரில், கேட்கவே வேண்டாம். அடுத்த முறை மறுக்கும்போது ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள்; பிறகு ஆக்சிலேட்டரை ஒரே மிதியாக இறுதிவரை அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். விட்டு விட்டு மிதித்தால் இன்னும் பெட்ரோல்தான் உள்ளே பாயும்.

ராணிப்பேட்டை வாசி:
அப்படியானால் பெட்ரோல் பம்ப்பில் ஈரத்துணி சுற்றினால் கிளம்புகிறதே, அது எப்படி?

சத்துவாச்சாரி:
அது வேறு நோய். குழாயில் ஆவி அடைத்துப் பெட்ரோல் வராமல் போவதற்குத்தான் ஈரத்துணி. இங்கே பெட்ரோல் மிகுதி என்று நான் சந்தேகிக்கிறேன். இரண்டுக்கும் மருந்து எதிரெதிர்.

காட்பாடியான்:
இன்று பள்ளிகொண்டாவில் மறுத்தது. மூடியைத் திறந்ததும் பெட்ரோல் வாடை முகத்தில் அடித்தது. கழற்றிப் பார்த்த பிளக் ஈரமாக இருந்தது. அதை மாட்டிவிட்டு, நீங்கள் சொன்னபடி மிதித்துப் பிடித்ததும் கருப்புப் புகையுடன் கிளம்பிவிட்டது.

ராணிப்பேட்டை வாசி:
ஈர பிளக் மட்டும் சாட்சியாகாது. பொறியே இல்லாமல் ஸ்டார்ட்டரைச் சுற்றினாலும் பிளக் நனையும்.

சத்துவாச்சாரி:
உண்மைதான். ஆனால் அதே சூட்டில், அதே காயிலில்தானே கிளம்பியது? முதலில் கார்புரேட்டர் கிண்ணத்திலுள்ள ஃப்ளோட் (மிதவை) மட்டத்தையும், கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோல் வரவை அடைக்கும் ஊசி வால்வு கசிகிறதா என்பதையும் பாருங்கள். கார்புரேட்டருக்கு அடியிலுள்ள வெப்பத்தடுப்புத் தட்டு நைந்திருந்தால் மாற்றுங்கள். பெட்ரோல் வாடை வீசும் நேரத்தில் மட்டும் பிளக்கை வெளியே வைத்துப் பொறி சோதிக்க வேண்டாம், தீப்பிடிக்கும்.