வேறு கணினியில் திறந்தால் கடிதம் கிறுக்கலாகிறது

கேள்வி: எங்கள் கண்காணிப்பாளர் ஐயா பாமினி எழுத்துருவில்தான் அடிப்பார். வேகத்தில் புயல், அதைச் சொல்லியே ஆகவேண்டும். ஆனால் அவர் அனுப்பும் கடிதம் என் கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கிறது. "உன் கணினியில் வைரஸ், தம்பி" என்கிறார். இந்த வாரம் நான்காவது முறை!

பதில் 1: வைரஸ் இல்லை. கோப்புக்குள் இருப்பதே ஆங்கில எழுத்துகள்தான். பாமினி அவற்றுக்குத் தமிழ் வேடம் கட்டுகிறது; அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேடம் கலைந்துவிடும். கடிதத்தை யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) மாற்றியில் ஒட்டி எடுங்கள். தமிழக அரசு 2010-இலேயே யூனிகோடை ஏற்றுவிட்டது, உங்கள் ஐயாதான் பாக்கி.

பதில் 2: புது விசைப்பலகை பழகச் சொல்லாதீர்கள், கோபம் வரும். என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளில் பாமினி விசை அமைப்பிலேயே யூனிகோடு அடிக்கலாம்.

கேட்டவர்: நிறுவிவிட்டேன். இப்போது "எழுத்து மெலிந்துவிட்டதே, தம்பி" என்கிறார்.