மூன்று சென்சார் எரர் ஒன்றாக வந்தால் ஈசிஎம் (எஞ்சின் கம்ப்யூட்டர்) போய்விட்டது என்று அர்த்தமா?

குவாரி_கரூர்:
எல்லோருக்கும் வணக்கம். 20 டன் பொக்லைன், காமன் ரெயில் எஞ்சின், கல் குவாரியில் பிரேக்கர் (பாறை உடைக்கும் சுத்தியல்) மாட்டி ஓடுகிறது. காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிவிடும், சூடு ஏறிய பிறகு திடீரென்று எஞ்சின் நின்றுவிடுகிறது. மானிட்டரில் எஸ்பிஎன் (எதில் கோளாறு என்று சொல்லும் எண்) 100, 102, 157 மூன்றும் ஒரே நேரத்தில் வருகின்றன, மூன்றுக்கும் எஃப்எம்ஐ (என்ன வகைக் கோளாறு என்று சொல்லும் எண்) 4. ஆறவிட்டால் மறுபடி ஓடும். வந்து பார்த்த மெக்கானிக் "ஈசிஎம் போச்சு, மாத்திடுங்க" என்கிறார். புதுசு லட்சக்கணக்கில் ஆகும், பழைய மெஷினில் கழற்றியது ஒன்று பாதிக்கும் குறைவான விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

ஒயர்மேன்_நாமக்கல்:
வாங்காதீர்கள் அண்ணே, கொஞ்சம் பொறுங்கள். 100 ஆயில் பிரஷர், 102 பூஸ்ட் பிரஷர் (டர்போ தள்ளும் காற்று), 157 ரெயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்குப் போகும் டீசல்). மூன்றுமே மூன்று ஒயர் சென்சார்: 5 வோல்ட் சப்ளை, ரிட்டர்ன், சிக்னல். எஃப்எம்ஐ 4 என்றால் வோல்டேஜ் அளவுக்குக் கீழே போய்விட்டது என்று பொருள். மூன்று சென்சாரும் ஒரே நொடியில் சாகாது. பொதுவான 5 வோல்ட் லைன் எங்கேயோ பாடியில் பட்டு எர்த் ஆகிறது, ரெயில் பிரஷர் தெரியாமல் எஞ்சின் நின்றுவிடுகிறது. இதே ரிட்டர்ன் ஒயர் அறுந்திருந்தால் சிக்னல் மேலே ஏறி எஃப்எம்ஐ 3 வந்திருக்கும். பிரேக்கர் அடிக்கும் மெஷினில் ஒயரிங் பார்க்காமல் ஈசிஎம்மில் கை வைப்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

சர்வீஸ்_செந்தில்:
அந்த மெக்கானிக் சொன்னதை இப்படி ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. 5 வோல்ட் கொடுப்பதே ஈசிஎம்முக்குள் இருக்கும் ரெகுலேட்டர்தான். சூடானால் மட்டும் விழுகிறது, ஆறினால் சரியாகிறது என்பது போர்டில் சால்டர் விரிசலுக்கும் அப்படியே பொருந்தும். அதிலும் ஈசிஎம் எஞ்சின் பிளாக் மேலேயே போல்ட் போட்டிருந்தால் சூடு, அதிர்வு இரண்டும் அதற்குத்தான் முதலில். மெஷின் ஒரு நாள் நின்றால் ஓனருக்கு வாடகை போகும், ஆபரேட்டர் பேட்டா போகும், டிப்பர்கள் வரிசையில் நிற்கும். இதையெல்லாம் விட்டுவிட்டு ஹார்னஸை (ஒயர் கட்டை) அவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கச் சொல்வது சரியா? அதே மாடல் மெஷின் பக்கத்தில் இருந்தால் அதன் ஈசிஎம்மை மாட்டிப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் விடை தெரிந்துவிடும்.

ஒயர்மேன்_நாமக்கல்:
செந்தில் சார், மாட்டிப் பார்ப்பதில்தான் எனக்குப் பயமே. ஈசிஎம்முக்குள் அந்த எஞ்சினுக்கான கேலிப்ரேஷன் (அளவு அமைப்பு) இருக்கிறது, பல எஞ்சின்களில் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தனி டிரிம் கோடும் (அளவுத் திருத்த எண்) ஏற்றியிருப்பார்கள். வேறு ரேட்டிங் உள்ளதை மாட்டினால் ஸ்டார்ட் ஆனாலும் எரிபொருள் அளவு தப்பிவிடும், புகை, நாக்கிங் என்று புதிதாக ஒரு வியாதி தொடங்கும். ஒயரில் 24 வோல்ட் ஷார்ட் எங்காவது இருந்தால் கடன் வாங்கிய ஈசிஎம்மும் காலி, அப்புறம் நிற்பது இரண்டு மெஷின். ஓனர் யாரிடம் போய் நிற்பார்?

போர்டு_கோவை:
சண்டை வேண்டாம், இதைப் பிரித்துப் பார்க்க ஒரு டெஸ்ட் இருக்கிறது. பெரும்பாலும் ஈசிஎம்மில் மெஷின் பக்கம் ஒரு கனெக்டர், எஞ்சின் பக்கம் ஒரு கனெக்டர் இருக்கும். எரர் வந்து நிற்கும்போதே, ஆறவிடாமல், கீயை ஆஃப் செய்துவிட்டு எஞ்சின் பக்கக் கனெக்டரைக் கழற்றுங்கள். கீ ஆன் செய்து ஈசிஎம்மின் 5 வோல்ட் பின்னில் மீட்டர் வையுங்கள். 5 வந்தால் ஈசிஎம் மேல் குற்றமில்லை, ஹார்னஸோ சென்சாரோதான். வராவிட்டால் பெட்டியை என்னிடம் அனுப்புங்கள். எந்தப் பின் என்பதைச் சர்க்யூட் டயகிராம் பார்த்துத்தான் தொட வேண்டும், ஊகத்தில் தொட்டுப் பக்கத்துப் பின்னோடு ஷார்ட் செய்துவிடாதீர்கள்.

சர்வீஸ்_செந்தில்:
லோடு இல்லாமல் பார்த்தால் சாகக் கிடக்கும் ரெகுலேட்டரும் 5 காட்டும். இந்த டெஸ்ட்டை அப்படியே நம்ப மாட்டேன்.

போர்டு_கோவை:
நியாயமான கேள்வி. 5 வோல்ட் பின்னுக்கும் ரிட்டர்ன் பின்னுக்கும் நடுவில் 500 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போடுங்கள், 10 மில்லிஆம்ப் இழுக்கும். அதிலும் 5 அசையாமல் நின்றால் போதும்.

ஒயர்மேன்_நாமக்கல்:
சரி, லோடு பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஈசிஎம்முக்கு வரும் 24 வோல்ட் பின்னையும் எர்த்தையும் வெறும் மீட்டரில் பார்த்து "சப்ளை ஓகே" என்று சொல்வதுதான் பெரிய தப்பு. ஒயரில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் முழு வோல்ட் காட்டும். அந்தக் கனெக்டரையும் கழற்றி, ஒயர் பக்கத்தில் 24 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பை மாட்டிப் பாருங்கள். பல்பு மங்கலாக எரிந்தால் அங்கேயே வியாதி. மெயின் சப்ளைக்கும் எர்த்துக்கும் மட்டும்தான் பல்பு, சென்சார் லைனில் மறந்தும் வைக்காதீர்கள். மானிட்டரில் கம்யூனிகேஷன் எரரும் வந்தால் பேட்டரியைத் துண்டித்துவிட்டு மானிட்டரும் ஈசிஎம்மும் பேசிக்கொள்ளும் கேன் ஹை, கேன் லோ ஒயர் இரண்டுக்கும் நடுவில் ஓம் பாருங்கள். இரண்டு முனையிலும் 120 ஓம் இருப்பதால் 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது.

ஆபரேட்டர்_மாரி:
நான் ஓட்டுகிற ஆள், எலக்ட்ரிக்கல் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் குவாரியில் பக்கெட் பல்லுக்கு வெல்டிங் வைக்கும்போது எர்த் கிளாம்ப்பை டிராக் ஃபிரேமில் மாட்டிவிட்டு அடிப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கரண்ட் முழு வண்டி வழியாகத் திரும்புகிறது. எர்த்தைப் பக்கெட்டிலேயே, வெல்டிங்குக்கு ஒட்டி வையுங்கள், பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், முடிந்தால் ஈசிஎம் கனெக்டரையும். சொன்னால் "பத்து நிமிஷ வேலைக்கு எதுக்கு" என்கிறார்கள். கரூர் அண்ணே, உங்கள் வண்டியில் வெல்டிங் வைத்தீர்களா?

குவாரி_கரூர்:
வெல்டிங் சமீபத்தில் இல்லை தம்பி.

இன்று நின்றவுடன் டெஸ்ட் செய்துவிட்டோம். எஞ்சின் கனெக்டர் கழற்றிய நிலையில் ரெசிஸ்டரோடும் 5 அப்படியே நின்றது. திரும்ப மாட்டினால் ஒரு வோல்ட்கூட இல்லை. சென்சார்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம், ஏறவில்லை. அப்புறம் ஹார்னஸை வழிநெடுகத் தடவிக்கொண்டே போனதில், ஃபியூயல் ஃபில்டர் பிராக்கெட் பின்னால் ஒரு கிளிப் உடைந்திருந்தது. நெளிவுக் குழாயில் கல்தூசி ஏறி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி ஒரு பக்கம் மழமழவென்று தேய்ந்து ஓட்டை, உள்ளே ஒரு ஒயரில் செம்பு தெரிகிறது. பிராக்கெட்டிலும் அதே இடத்தில் பெயிண்ட் போய் இரும்பு பளபளக்கிறது. ஒயரைக் கையால் விலக்கிப் பிடித்தால் 5 வோல்ட் வந்துவிடுகிறது. இன்சுலேஷன் டேப் சுற்றினால் போதுமா?

ஒயர்மேன்_நாமக்கல்:
டேப் வேண்டாம், எஞ்சின் சூட்டில் பசை உருகி அவிழ்ந்துவிடும். அடிபட்ட துண்டை வெட்டி எடுத்து, அதே தடிமன் ஒயர் வைத்து கிரிம்ப் செய்து (டூலால் நசுக்கி இணைத்து), உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். புதுக் குழாய், புது ரப்பர் கிளிப், பிராக்கெட்டிலிருந்து ஒரு விரல் இடைவெளி. சால்டர் வைக்காதீர்கள், ஈயம் ஒயருக்குள் ஊறி விறைத்துப்போகும், அதிர்வில் அந்த விளிம்பிலேயே முறியும்.

போர்டு_கோவை:
சால்டர் மேல் பழி போடாதீர்கள். இரண்டு பக்கமும் சரியாகக் கிளாம்ப் செய்தால் சால்டர் ஜாயின்ட் நிற்கும். மட்டமான கிரிம்ப்பிங் டூலில் நசுக்கியது அதைவிடச் சீக்கிரம் கழன்றுவிடும்.

ஒயர்மேன்_நாமக்கல்:
நல்ல டூல் வாங்கச் சொல்கிறேன், அவ்வளவுதான். பிரேக்கர் மெஷினில் கிரிம்ப்தான்.

சர்வீஸ்_செந்தில்:
ஒயரிங் என்று தெரிந்ததில் மகிழ்ச்சி, காசு மிச்சம். ஆனால் இதைப் படித்துவிட்டு ஈசிஎம் கெடவே கெடாது என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். எஃப்எம்ஐ 12 (சாதனமே பழுது என்ற எண்) நிலையாக நின்று, சப்ளையும் எர்த்தும் பல்பு டெஸ்ட்டில் தேறினால் நான் பெட்டியைத்தான் சந்தேகிப்பேன். கரூர் சார், ஒரு கிளிப் உடைந்த மெஷினில் மற்றவையும் தளர்ந்திருக்கும். ஹார்னஸ் மூடும் முன் ஸ்டார்ட்டர் பக்கமும் பம்ப் பக்கமும் கை விட்டுப் பாருங்கள், ஸ்டார்ட்டர் பக்கம் போகும் முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், கீயை ஆஃப் செய்தவுடனேயே ஐசொலேட்டரை (பேட்டரி மெயின் சுவிட்சை) திருப்பாமல் ஈசிஎம் டேட்டா எழுதி முடிக்கக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.