ரோட்டர்டாம் எப்படிப்பட்ட ஊர்? அப்பாவுக்குத் துறைமுகம் பார்க்க வேண்டுமாம்

காவேரிப்பட்டணத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கை ரோட்டர்டாமில் எராஸ்மஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். மாங்காய் சீசன் முடிந்ததும் அப்பாவை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றிருக்கிறேன். அப்பா பர்கூர் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் டெஸ்பாட்ச் பார்க்கிறார். தோத்தாபுரி கூழ் டிரம் டிரம்மாகக் கன்டெய்னரில் ஏறும்போதெல்லாம் காகிதத்தில் "இறங்கும் துறைமுகம்: ரோட்டர்டாம்" என்று பார்த்துப் பார்த்துப் பழகிய மனிதர். அவர் கேட்பது ஒன்றே ஒன்று: "நம்ம டிரம் கப்பலை விட்டு எறங்கறதக் காட்டுடா."

நெதர்லாந்து என்று தேடினால் ஆம்ஸ்டர்டாம் வாய்க்காலும் துலிப் தோட்டமும்தான் வருகிறது. ரோட்டர்டாம் எப்படி இருக்கும்? துறைமுகத்துக்குள் விடுவார்களா? சாப்பாட்டுக்கு என்ன வழி? அப்பாவுக்கு ரெண்டு நாள் களி இல்லையென்றால் முகமே வாடிப்போகும்.

தளிரோடு:

தம்பி, நான் அங்கே சில வருஷம் கிடங்கு மென்பொருள் வேலையில் இருந்துவிட்டு இப்போது ஓசூரில் இருக்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆம்ஸ்டர்டாம் மாதிரி பழைய வீடும் வாய்க்காலுமாக இருக்கும் என்று அப்பாவிடம் சொல்லி அழைத்துப் போகாதீர்கள். அந்த ஊரின் நடுப்பகுதி 1940 மே 14 அன்று ஜெர்மன் குண்டுவீச்சில் எரிந்துபோனது. 800-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், ஏறத்தாழ 80,000 பேருக்கு வீடு இல்லாமல் போனது. லாரன்ஸ் தேவாலயம் சுவர்களோடு மட்டும் நின்றது, பிறகுதான் சீர்செய்தார்கள். மாநகராட்சிக் கட்டடம் தப்பியது. 1898-இல் கட்டிய பத்து மாடி 'வெள்ளை வீடு' தப்பியது.

மற்ற ஊர்களாக இருந்தால் இடிந்ததை அப்படியே பழையபடி கட்டியிருப்பார்கள். இவர்கள் அந்த ஆசையையே விட்டுவிட்டார்கள். 1953-இல் வண்டியே நுழையாத லைன்பான் கடைத்தெரு, 1984-இல் சாய்த்து நிறுத்திய கனசதுர வீடுகள், 1996-இல் எராஸ்மஸ் பாலம், 2014-இல் உள்கூரை முழுக்கப் பழமும் பூவும் வரைந்த மார்க்கெட் கட்டடம். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. எனக்கு முதலில் பிடிக்கவில்லை. குளிர்காலத்தில் இன்னும் பிடிக்காது, காற்று அப்படி அடிக்கும். ஆனால் ஓர் உழைப்பாளி ஊருக்குரிய நேர்மை அதில் இருக்கிறது.

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். துறைமுகம் ஊருக்குள் இல்லை! பலரும் ஏமாறுவது இங்கேதான். 1270 வாக்கில் ரோட்டெ ஆற்றில் அணை கட்டிய இடத்தில் உருவான மீனவர் ஊர் அது. கடலில் சேரும் மாஸ் நதியின் முகம் மணல் மேடாகிக் கப்பல் வரத் தடுமாறியதால், 1872-இல் கடலுக்கு நேராக ஒரு கால்வாய் வெட்டினார்கள். அதற்கப்புறம் கப்பல் பெரிதாகப் பெரிதாகத் துறைமுகம் மேற்கே கடலை நோக்கி நகர்ந்துகொண்டே போனது. கடைசியில் நிலமும் போதாமல் கடலிலேயே மணலைக் கொட்டி மாஸ்ஃப்ளாக்டே என்ற பகுதியை உண்டாக்கினார்கள். அதன் இரண்டாம் பகுதி 2013-இல் திறந்தது. இன்றைக்கு முழு நீளம் 40 கிலோமீட்டருக்கு மேல். கிருஷ்ணகிரி டோல்கேட்டில் தொடங்கித் தருமபுரியை நெருங்கும்வரை ரோட்டின் ஒரு பக்கம் முழுக்கக் கிரேனும் எண்ணெய்த் தொட்டியுமாக நின்றால் எப்படியோ அப்படி. 1962 முதல் 2004 வரை உலகிலேயே அதிகச் சரக்கு இறங்கிய துறைமுகம் இதுதான். அப்புறம் சிங்கப்பூரும் ஷாங்காயும் முந்திவிட்டன. ஐரோப்பாவில் இன்னும் முதலிடம்.

ஊருக்குள் மிச்சமிருக்கும் பழைய கப்பல் துறைகளில் இப்போது அடுக்குமாடி வீடுகள்தான். அமெரிக்காவுக்கு ஆள் ஏற்றிய கப்பல் கம்பெனியின் தலைமை அலுவலகம் ஹோட்டல் நியூயார்க் ஆகிவிட்டது. எராஸ்மஸ் பாலத்தடியிலிருந்து சுற்றுலாப் படகு உண்டு, ஒன்றேகால் மணி நேரம் சுற்றிக் காட்டுவார்கள். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பெரிய கன்டெய்னர் கப்பல் அதில் தெரியாது. அதற்கு மாஸ்ஃப்ளாக்டேதான் போக வேண்டும்.

டெர்மினலுக்குள் விட மாட்டார்கள். வெளி ரோட்டில் வேலியோரம் நின்றாலே போதும். கிரேன் கன்டெய்னர் பெட்டியை இறக்கி ஒரு தட்டை வண்டியின் மேல் வைக்கும். அந்த வண்டியில் கேபினே கிடையாது. வைத்ததும் ஒரு நொடி அசையாமல் நிற்கும், பிறகு தானாகத் திரும்பிப் பெட்டிகளை அடுக்கிவைக்கும் இடத்துக்குப் போகும். எதிரே இன்னொரு வண்டி வந்தால் ஒன்று நிற்கும், ஒன்று கடக்கும். ஹாரன் சத்தமோ ஆள் சத்தமோ இல்லை. 1990-களிலேயே இதைத் தொடங்கிவிட்டார்கள். டெஸ்பாட்ச் வேலை பார்த்த மனிதர் அங்கிருந்து சீக்கிரம் கிளம்ப மாட்டார், சொல்லிவிட்டேன்.

பக்கத்திலேயே 2025-இல் திறந்த போர்ட்லாண்டிஸ் என்ற கண்காட்சி மையம் இருக்கிறது. செப்டம்பர் முதல் வார இறுதியில் போக முடிந்தால் இன்னும் நல்லது; உலகத் துறைமுக நாட்கள் என்று ஊரே திருவிழாவாக இருக்கும்.

ஏற்றுமதிக்காரன்:

மேலே அண்ணன் சொன்னதெல்லாம் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன், நான் சென்னையில் ஃபார்வர்டிங் (ஏற்றுமதிச் சரக்கை அனுப்பிவைக்கும் வேலை) பார்ப்பவன், சொந்த ஊர் ஊத்தங்கரை. டிரம் இறங்குவதை அங்கே யாரும் பார்க்க முடியாது. இருபது அடிப் பெட்டியில் எண்பது டிரம் போட்டு பர்கூரிலேயே சீல் வைத்துவிடுகிறீர்கள் அல்லவா, அந்த சீல் பெரும்பாலும் வாங்குபவர் கிடங்கில்தான் உடையும். துறைமுகத்தில் தெரிவது பெட்டி மட்டும்தான். அதுவும் அங்கே தங்காது. ரைன் நதியில் சரக்குப் படகேறி ஜெர்மனிக்குப் போகும், இல்லையென்றால் லாரியோ ரயிலோ.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. அப்பாவிடம் பெட்டி எண் இருக்கும், நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும். கப்பல் கம்பெனி இணையதளத்தில் போட்டால் எந்தக் கப்பல், எந்த டெர்மினல், என்றைக்கு என்று வந்துவிடும். தேதியை மட்டும் நம்பி டிக்கெட் போடாதீர்கள். 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கியபின் பல கப்பல்கள் சூயஸை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின, பத்துப் பதினைந்து நாள் கூடுதலாக ஆனது. கிளம்பும்முன் எந்த வழி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ரோட்டர்டாம் அக்கா:

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். வெஸ்ட் க்ரூஸ்காடே தெருவுக்கு அழைத்துப் போங்கள், சுரினாம்காரர்களின் ரொட்டிக் கடைகள் இருக்கின்றன. சுரினாம் என்பது தென் அமெரிக்காவில் டச்சுக்காரர்கள் ஆண்ட நாடு. இவர்கள் 1873-இலிருந்து கல்கத்தாவில் கப்பலேற்றி அங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோன நம் நாட்டு மக்களின் வாரிசுகள். 1975-இல் சுரினாம் விடுதலை பெற்ற சமயத்தில் நிறையப் பேர் இங்கே வந்துவிட்டார்கள். ரொட்டி, உருளைக்கிழங்கு, காராமணி எல்லாம் வாய்க்கு ஒத்துவரும். காரம் தனியாகக் கேட்டு வாங்குங்கள், பார்த்துப் போடச் சொல்லுங்கள்.

களிக்கு ராகி மாவு ஊரிலிருந்தே எடுத்து வந்துவிடுங்கள். பால்கோவா, நெய் கூடாது. பால் பொருள் எதையும் பயணிகள் கொண்டுவர அனுமதி இல்லை. மாம்பழமும் சான்றிதழ் இல்லாமல் கூடாது. கிருஷ்ணகிரிக்காரர்கள் பையில் எப்படியும் நாலு பழம் இருக்கும், அதனால் சொல்கிறேன்.

காவேரிப்பட்டணத்தான்:

அண்ணா, அக்கா, மிக்க நன்றி. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கேபின் இல்லாத வண்டியை மட்டும் ரெண்டு தரம் படிக்கச் சொன்னார். கார் எடுக்காமல் மாஸ்ஃப்ளாக்டே போக முடியுமா?

தளிரோடு:

அவ்வளவு தூரத்துக்கு ஒருநாள் கார் எடுப்பதுதான் வசதி. முடியாவிட்டால் மெட்ரோவில் ஹூக் ஃபான் ஹாலண்ட் வரை போங்கள், 2019-இலிருந்து ஓடுகிறது, 2023-இலிருந்து கடற்கரைப் பக்கம்வரையே போகிறது. நான் மேலே சொன்ன கால்வாயின் கரையில் உட்கார்ந்தால் கப்பல்கள் கண்ணெதிரே போகும். வழியில் இறங்கி மாஸ்லாண்ட் தடுப்பணையையும் காட்டுங்கள். 1997-இல் கட்டியது; புயல் நேரத்தில் கடல் ஏறினால் ஒவ்வொன்றும் 210 மீட்டர் நீளமுள்ள இரண்டு கதவுகள் வந்து கால்வாயையே மூடிவிடும். அப்பாவுக்கு ஒரு தடித்த ஜெர்கின் மட்டும் மறக்காமல் எடுத்து வையுங்கள், அந்தக் கரையில் ஆகஸ்ட்டிலும் காற்று விடாது.