மறு: பிசிடிக்கு தமிழ்ல என்ன பேரு? (முதல் டைவிங் செட் வாங்குறவங்களுக்கான பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம்,

முதல் தடவையா டைவிங் சாமான் வாங்குறவங்களுக்கு நாம தமிழ்ல எழுதுற பக்கத்துக்கு சொல்லு தேடுற மடல்வரிசை இது. பிசிடின்னா (BCD, buoyancy control device) டைவ் பண்றவன் போட்டுக்குற, முதுகுல டாங்கிய தாங்குற, உள்ள காத்து ஏத்தி இறக்குற பை வெச்ச சட்டை.

ரெகுலேட்டருக்கு சீராக்கியா ஒழுங்கியான்னு இத்தனை மடல் போட்டு அடிச்சிக்கிட்டவங்க பிசிடிய மட்டும் ஒரே வரியில 'உயிர்காப்புச் சட்டை'ன்னு எழுதி முடிச்சிட்டீங்க, எனக்கு அங்கதான் வயித்த கலக்குது. ரெகுலேட்டர் ரெகுலேட்டராவே இருந்துட்டு போகட்டும். வீட்ல கேஸ் சிலிண்டர் தலையில உக்காந்திருக்குறதும் அதே வேலையத்தான் பாக்குது, உள்ள இருக்குற பெரிய அழுத்தத்த குறைச்சு வெளிய விடுது, எங்க பாட்டிக்கும் தெரிஞ்ச சொல்லு அது. டைவிங்ல அதே வேலைய ரெண்டு கட்டமா பிரிச்சிருக்காங்க, காத்து அடைச்ச டாங்கியோட வாயில இருக்குற முதல் கட்டம் 200 பாரை (பார்னா அழுத்தத்தோட அளவு, தரையில நம்ம மேல இருக்குற காத்தழுத்தம் ஏறக்குறைய 1 பார்) சுத்தியிருக்குற தண்ணி அழுத்தத்துக்கு மேல 9, 10 பார்ங்கிற அளவுக்கு இறக்கும், வாயில கடிச்சிருக்குற ரெண்டாம் கட்டம் நாம மூச்சு இழுக்கும்போது மட்டும் தண்ணியோட அழுத்தத்துக்கே இறக்கி குடுக்கும். 1943ல பிரான்சுல கூஸ்தோவும் கன்யானும் செஞ்ச, தண்ணிக்கடியில மூச்சுவிடுற கருவியோட சாரமே இதுதான். இதுக்கு புதுப்பேரு வெச்சு யாருக்கு என்ன லாபம்.

பிசிடி கதை வேற. அதுக்கு பொது ஜனத்துகிட்ட பேரே இல்ல, நாம வெக்கிறதுதான் நிக்கும், தப்பா வெச்சா தப்பாவே நிக்கும்.

> பேப்பர்ல எல்லாம் லைஃப் ஜாக்கெட்னுதான் போடுறாங்க. வாசகருக்கு உடனே புரியும். உயிர்காப்புச் சட்டை போதுமே.

புரியும், தப்பா புரியும். லைஃப் ஜாக்கெட் ஒரே ஒரு வேலைக்கு செஞ்சது, ஆள தண்ணிக்கு மேலயே வெக்கணும், நல்ல ரகமா இருந்தா மயங்கிட்டாலும் மல்லாக்க திருப்பி மூஞ்சிய வானத்த பாக்க வெச்சிடும். பிசிடி அப்படி திருப்பும்னு நம்பவே கூடாது, முதுகுப்பக்கம் மட்டும் காத்து ஏறுற ரகம் மேல வந்ததும் குப்புற தள்ளக்கூட பாக்கும். உயிர்காப்புச் சட்டைன்னு படிச்சிட்டு கடைக்கு போறவன் என்ன கேப்பான், இருக்குறதுலயே பெருசா குடுங்கன்னு கேப்பான், ஏன்னா உயிர காக்குற சாமான் பெருசா இருந்தா நல்லதுதானேன்னு தோணும். தொளதொளன்னு ஒண்ண மாட்டிக்கிட்டு எறங்குனா தண்ணிக்குள்ள அது தோளுக்கு மேல ஏறி காதுகிட்ட வந்து நிக்கும், டாங்கி ஒரு பக்கம் சரியும், நீந்துற ஒவ்வொரு உதைக்கும் தண்ணி புடிச்சு இழுக்கும்.

அது நெஜமா செய்யுற வேலை என்னன்னு பாருங்க. மேல வெக்கிறதும் இல்ல, கீழ இறக்குறதும் இல்ல, நடுவுல நிறுத்துறது. கீழ போகப்போக, குளிர் தாங்க போட்டுக்குற வெட்சூட்ல இருக்குற ரப்பர் நசுங்கி மிதப்பு குறையுது, ஆளு கல்லு மாதிரி இறங்க ஆரம்பிப்பான், அப்ப பட்டனை அமுக்கி கொஞ்சம் காத்து சேக்கணும். இன்னொரு பக்கம் டாங்கியில காத்து தீர தீர அது லேசாகுது, சாதாரணமா நம்ம ஊர்ல குடுக்குற 11 லிட்டர் அலுமினிய டாங்கி 200 பார்ல இருந்து 50 பாருக்கு வர்றதுக்குள்ள ஏறக்குறைய 2 கிலோ எடை போயிடுது, காத்துக்கு எடை இருக்குங்கறத ஸ்கூல்ல படிச்சப்ப யாரு நம்புனா. மேல வரும்போதுதான் ஆபத்து, 20 மீட்டர்ல 3 பார், 10 மீட்டர்ல 2 பார், மேல 1 பார், அதாவது 10 மீட்டர்ல பையில இருந்த காத்து மேல வர்றதுக்குள்ள ரெண்டு மடங்காகும், வழியில விட்டுக்கிட்டே வரலேன்னா அது இன்னும் வேகமா தூக்கும், தூக்க தூக்க இன்னும் பெருசாகும். நுரையீரல் கிழியுறதும் ரத்தத்துல நைட்ரஜன் குமிழ் கட்டுறதும் இப்படி பிச்சிக்கிட்டு மேல வரும்போது நடக்கலாம். 'உயிர்காப்பு'ன்னு பேரு வெச்ச சாமான்ல காத்த நிரப்பிக்கிட்டு மேல வராதீங்கன்னு எப்படி சொல்லிக்குடுப்பீங்க?

> அப்ப நேரடியா 'மிதவைக் கட்டுப்பாட்டுச் சாதனம்'. கருத்துப்பிழை இல்ல.

கருத்துப்பிழை இருக்கு. மிதவைன்னா மிதக்குற பொருள், வலையில கட்டுறது, துறைமுகத்துல கட்டிப்போடுறது. நீங்க சொல்ல வந்தது மிதப்பு, பாடப்புத்தகத்துலயே மிதப்பு விசைன்னுதான் இருக்கு. சரி, 'மிதப்புக் கட்டுப்பாட்டுச் சாதனம்'னே திருத்திக்குவோம், படகு ஆடுற ஆட்டத்துல ஒருத்தன் இன்னொருத்தன்கிட்ட அத எடுத்துக் குடுன்னு எப்படி கேப்பான்? பேசுறதுக்குள்ள அலை வந்து அடிச்சிட்டு போயிடும். ஜெர்மன்காரங்க டாரியர்வெஸ்டேன்னு வெச்சிருக்காங்க, எடைய சரிக்கட்டுற சட்டைன்னு வரும், பிரெஞ்சுக்காரங்க நிலைப்படுத்துற சட்டைன்னு நீட்டமா ஒண்ணு வெச்சிட்டு பேச்சுல ஸ்டாப்னு (stab) வெட்டிட்டாங்க. யாரும் சாதனம்னு சொல்லிக்கிட்டு திரியல.

என் பரிந்துரை நெட்டிச்சட்டை.

கடல்பக்கத்து ஆளுங்களுக்கு இதுக்கு மேல சொல்லவேண்டியதில்ல. மத்தவங்களுக்கு: கூறல், கத்தாழை மாதிரி மீனை அறுத்தா வயித்துக்குள்ள வெள்ளையா ஒரு காத்துப்பை வரும், அத ராமேஸ்வரம் பக்கம் நெட்டின்னு சொல்வாங்க, காயவெச்சு ஏத்துமதி பண்றது, சீனாக்காரங்க சூப்புக்கு வாங்குறாங்க, பெரிய கூறல் ஒண்ணு மாட்டுனா நெட்டிக்குத்தான் விலை, மீனுக்கு இல்ல. அந்தப் பையில காத்த கூட்டி குறைச்சுத்தான் மீனு துடுப்ப ஆட்டாம ஒரே ஆழத்துல நிக்குது. பிசிடி செய்யுறதும் அச்சு அசலா இதேதான், உவமைக்கு சொல்லல, பௌதிகம் ஒண்ணுதான். ஆழத்துல இருந்து சட்டுன்னு தூண்டில்ல இழுத்த கலவா மீன பாத்திருக்கீங்களா, வாய் வழியா வயிறு பிதுங்கி நிக்கும், உள்ள நெட்டி ஊதிப்போனதால வந்தது. அத பாத்தவனுக்கு மேல வரும்போது காத்த ஏன் விடணும்னு தனியா பாடம் எடுக்க வேணாம், பேருலயே எச்சரிக்கை இருக்கு. (சுறாவுக்கு நெட்டி கிடையாது, நீந்துறத நிறுத்துனா இறங்க ஆரம்பிச்சிடும். நம்ம ஆளுங்க சிலர் அப்படித்தான் டைவ் பண்றாங்க.)

> நெட்டின்னா எனக்கு விரல்ல நெட்டி முறிக்கிறதுதான் ஞாபகம் வருது

இது நான் நேத்து ஒருத்தர்கிட்ட வாய்மொழியா சொன்னப்ப வந்த மறுப்பு, இங்கயும் வரும்னு நானே போட்டுட்டேன். தஞ்சாவூர்க்காரங்க நெட்டி வேலைன்னு குளத்துச்செடித் தண்டுல கோயில் செஞ்சு விக்கிறதையும் சொல்வாங்க, அது பஞ்சு மாதிரி லேசு, தண்ணில மிதக்கும், ஆக அந்த அர்த்தம் நமக்கு தோதாத்தான் வருது. முறிக்கிற நெட்டி வந்தா வரட்டும், சட்டைன்னு பின்னால ஒட்டுனதும் குழப்பம் தீந்துடும்.

இன்னொரு காரணம் எனக்கு முக்கியமா படுது. ஒரு சொல்லு வெச்சா அதுல இருந்து நாலு சொல்லு முளைக்கணும். உள்ள இருக்குற பை நெட்டி, முதுகுல மட்டும் இருக்குற விங் முதுகுநெட்டி, வெளித்துணி சட்டை. பழசு வாங்கும்போது இந்த பிரிவினை நேரா வேலைக்கு ஆகுது, 'சட்டை சாயம் போயிருக்கு, நெட்டி நல்லாயிருக்கு'ன்னா வாங்கலாம், 'சட்டை புதுசாட்டம் இருக்கு, நெட்டி கசியுது'ன்னா பேசாம வந்துடணும்.

அந்தப் பக்கத்துல பழைய நெட்டிச்சட்டை பாக்குற பகுதிய நான் எழுதித் தர்றேன், சுருக்கம் இதுதான்: தானா காத்த தள்ளுற வால்வு சீறுற வரைக்கும் ஊதி ஒரு ராத்திரி அப்படியே விடு, காலையில தொவண்டு கிடந்தா வேணாம். உள்ள கொஞ்சம் தண்ணிய ஊத்தி குலுக்கி வடிச்சு பாரு, உப்பும் மணலும் வந்தா முன்ன வெச்சிருந்தவன் கழுவவே இல்ல. முக்கியமா காத்து ஏத்துற பட்டன், டாங்கிய மாட்டி அமுக்கி விட்டா டக்குன்னு நிக்கணும், அமுங்குன எடத்துலயே ஒட்டிக்கிட்டு உஸ்ஸுன்னு ஏறிக்கிட்டே இருந்துச்சுன்னா தண்ணிக்குள்ள ஆளயே தூக்கிட்டு போறது அதுதான். பட்டன் பகுதிய மட்டும் மாத்தலாம், ஆனா அந்த செலவயும் சேத்து விலை பேசணும்.

> நாங்கள் இங்கை சுழியோடி எண்டுதான் சொல்லுறனாங்கள். நீங்கள் எழுதிற 'ஸ்கூபா வீரர்' ஏன்? நிலாவெளியிலை புறாத்தீவுக்குப் போற பெடியளுக்கும் அது விளங்கும்.

திருகோணமலை நண்பரே, இதுல எனக்கு முழு சம்மதம். எங்க பேப்பர்ல 'ஆழ்கடல் நீச்சல் வீரர்'னு போட்டு கொல்றாங்க, நீச்சலும் இல்ல பல நேரம் ஆழ்கடலும் இல்ல. தூத்துக்குடியில முத்துக்குளி, சங்குக்குளின்னு தொழில் பேரு இருக்கு, முக்குளிக்கிறதுன்னு வினை இருக்கு, ஆனா முக்குளிப்பான்னா அது குளத்துல முங்கி எந்திரிக்கிற சின்னப் பறவை. ஆளுக்கு சுழியோடிதான் சரி. பக்கம் முழுக்க சுழியோடின்னே போடலாம்னு என் ஓட்டு.

ஆனா ஒண்ணு, மேலயும் போகாம கீழயும் போகாம நிக்குற நிலைக்கு நான் 'அந்தரம்'னு வெக்க நினைச்சேன், அந்தரத்துல தொங்குறான்னு நாங்க சொல்ற அர்த்தத்துல. உங்க ஊர்ல அந்தரப்படுறதுன்னா பதட்டப்படுறது, அவசரப்படுறது. 'சுழியோடி அந்தரத்தில் இருக்கிறார்'னு எழுதுனா நீங்க கடற்படைக்கு போன் போட்டுடுவீங்க. அதனால 'நடுமிதப்பு'ன்னு போடுவோமா? சொல்லுங்க.

மத்த சாமான் பத்தி சுருக்கமா, ஏன்னா சொல் சண்டை அதுல இல்ல. மாஸ்க் புதுசுதான், அவனவன் மூஞ்சிக்கு பாத்து வாங்கணும், வார போடாம மூஞ்சில வெச்சு மூக்கால உறிஞ்சினா கைய எடுத்தும் ஒட்டிக்கிட்டு நிக்கணும், முதல்ல வாங்கவேண்டியதும் இதுதான், செட்டுன்னு ஒரே நாள்ல வாங்கணும்னு சட்டமா என்ன. கால்ல மாட்டுற ஃபின்ஸ் பழசு தாராளமா வாங்கலாம். ரெகுலேட்டர் பழசுன்னா டாங்கியில பொருந்துற வாயில இருக்குற சின்ன வடிகட்டிய பாரு, பச்சை பூத்திருந்தா உள்ள உப்புத்தண்ணி போயிருக்கு. டாங்கிய மூடி வெச்சு வாயால இழுத்தா காத்து வரவே கூடாது, வந்தா எங்கயோ ஓட்டை. அதவிட பெரிய கேள்வி அந்த மாடலுக்கு சர்வீஸ் கிட் இன்னும் கம்பெனி குடுக்குறானா, பிரிச்சு மாட்ட கத்துக்கிட்ட ஆளு பக்கத்துல இருக்காரா, ரெண்டும் இல்லேன்னா இலவசமா குடுத்தாலும் அது காகிதத்துக்கு மேல வெக்கிற வெயிட்டுதான். டாங்கி வாங்கவே வேணாம், டைவ் கடையிலயே நிரப்பி குடுத்துடுறாங்க. யாராச்சும் வெளிநாட்டுல இருந்து பழைய அலுமினிய டாங்கி மலிவா வருதுன்னு சொன்னா மேல அடிச்சிருக்குற தேதிய பாருங்க, 1970, 80கள்ல 6351ன்னு ஒரு அலுமினியக் கலப்புல செஞ்ச டாங்கி கழுத்துப்பக்கம் விரிசல் விடலாம், நிறைய கடையில அத தொடவே மாட்டாங்க. ஆழத்தையும் நேரத்தையும் காட்டுற டைவ் கம்ப்யூட்டர் கம்ப்யூட்டராவே இருக்கட்டும், 'ஆழ்கணினி'ன்னு ஒருத்தர் போட்டிருந்தார், கேக்க நல்லாத்தான் இருக்கு, சூப்பர் கம்ப்யூட்டர்னு நினைச்சிக்குவாங்க.

மஞ்சள் கலர்ல தொங்குற ரெண்டாவது வாய்க்குழாய ஆக்டோபஸ்னு சொல்றோமே அதுக்கு 'துணைவாய்'னு வந்த பரிந்துரை எனக்கு பிடிச்சிருக்கு. பக்கத்துல இருக்கறவனுக்கு காத்து தீந்துட்டா குடுக்குறது, நம்ம உயிருக்கு இல்ல அடுத்தவன் உயிருக்கு. ஆக உயிர்காப்புன்னு ஒரு சொல்ல எங்கயாச்சும் ஒட்டியே ஆகணும்னு அடம் பிடிக்கிறவங்க அத இங்க ஒட்டிக்குங்க, சட்டைய விட்டுடுங்க.

நெட்டிச்சட்டைக்கு மறுப்பு இருந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள எழுதுங்க. குறிப்பா நாகப்பட்டினம், கன்னியாகுமரி பக்கத்து ஆளுங்க, உங்க ஊர்ல அந்தப் பைக்கு வேற பேரு புழங்குதான்னு எனக்கு தெரியணும், இன்னும் நல்ல சொல்லு வந்தா நெட்டிய நானே வாபஸ் வாங்கிக்கிறேன்.